புழுவுக்கு விற்ற மூச்சு

ஒரு பெண்ணின் மூச்சு பதினெட்டாயிரத்துக்குப் போனது. கேட்ட விலை நாற்பது. பன்னிரண்டு உடனே, மீதி ஆறு படம் வெளியானதும் என்று பேச்சு. வாங்கியவர் அதை ஏதோ மிருகத்தின் குரல் என்று நினைத்து வாங்கினார். சரக்கு என்னவென்று விற்றவருக்கு மட்டும்தான் தெரியும்.

விற்றவரை ஸ்டுடியோவில் எல்லோரும் சத்தக்காரர் என்பார்கள். திரையில் எலும்பு முறிந்தால் அது இவர் ஒடித்த முள்ளங்கி. குதிரை ஓடினால் இவருடைய இரண்டு மரக்கட்டைகள். முத்தச் சத்தம்கூட இவர் தன் முழங்கையில் வைத்துக்கொண்டதுதான். கதாநாயகிகளுக்கு இது தெரியாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. ஜன்னல் இல்லாத அறை. தரையில் மணல் தொட்டி, சரளைத் தொட்டி. நடுவில், சுவரே இல்லாமல், நிலையோடு ஒரு கதவு நிற்கும். படத்தில் யார் கதவைத் திறந்தாலும் இதுதான் கிறீச்சிடும். அதைத் திறந்தாலும் இதே அறை, சாத்தினாலும் இதே அறை.

அந்த வருஷம் வந்த வேலை ஒரு புழு. வேற்றுக் கிரகத்துப் புழு. வானத்திலிருந்து விழுந்த கல்லுக்குள் சுருண்டு வந்து, ஒரு சுரங்க ஊரின் தண்ணீர்க் குழாய்களில் புகுந்து, தூங்குகிறவர்களாகப் பார்த்துத் தின்னும். கண் கிடையாது. முகம் என்று ஒரு பக்கமும் கிடையாது. வாயைத் திறந்தால்தான் அது வாய் இருந்த பக்கம் என்று தெரியும். காகிதத்தில் படுபயங்கரமாக இருந்தது. நுரை ரப்பரில் செய்து, கம்பி கட்டி இழுத்தபோது, யாரோ வீடு காலி பண்ணி மெத்தையைச் சுருட்டி மாடிப்படியில் இறக்குவது மாதிரி இருந்தது.

ஆகவே பயம் முழுக்கக் காது வழியாகத்தான் வரவேண்டும் என்று முடிவாயிற்று. சத்தக்காரர் சோப்புத் தண்ணீரில் ரப்பர்க் குழாயை இழுத்துப் பார்த்தார். ஈரத்தோலைப் பிழிந்தார். வாளிக்குள் தலையை விட்டு உறுமினார். டைரக்டர் சின்ன வயசுக்காரர், சாப்பாட்டை மறந்த உடம்பு. ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா யாரோ பாத்ரூம் கழுவற மாதிரியே இருக்கு."

"புழு பைப்புக்குள்ளதானேப்பா இருக்கு?"

"இருக்கட்டும். உசுரோட இருக்கணும்ல?"

உயிரோடு இருக்கும் சத்தம் ஒன்று சத்தக்காரரிடம் இருந்தது. அது விற்பனைக்கு இல்லை.

அவர் மனைவி குறட்டை விடுவாள் என்பது அவர் கட்சி. விடவே மாட்டேன் என்பது அவள் கட்சி. முப்பத்தொரு வருஷமாக நடந்த வழக்கு. "என் தூக்கமே கோழித்தூக்கம். அதுல குறட்டைக்கு எங்கங்க நேரம்?" என்பாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு ஞாயிறு மதியம் அவள் கண்ணயர்ந்த நேரத்தில், ஸ்டுடியோவின் மைக்கைத் திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட்டு அவர் ஒலிப்பதிவு செய்தார். ஒவ்வொரு மூச்சும் கனமான பீரோவைத் தள்ளுவது போலக் கிளம்பும். உச்சிக்கு ஏறி, அங்கே யோசித்து ஒரு நொடி நிற்கும். பிறகு மெல்லிய விசிலாக இறங்கும். கம்ப்யூட்டரில் அதற்கு 'ஆதாரம்' என்று பெயர் வைத்தார். அடுத்த முறை கொழுந்தியாள் வீட்டுக்குப் போகும்போது, சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டி வழக்கை முடித்துவிடுவதாகத் திட்டம்.

அதற்குள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போனவள் திரும்பவில்லை. எதிர்க்கட்சி இல்லாமல் வழக்கு நின்றுபோயிற்று.

கொழுந்தியாள் முதலில் தினம் போன் செய்தாள், பிறகு வாரம், பிறகு பண்டிகை நாளில் ஒரு வாழ்த்துப் படம் மட்டும் அனுப்பினாள். யார்மேலும் குற்றமில்லை; போன ஆளைப் பற்றிப் பேச இருவருக்கும் பயம், வேறு எதைப் பேசவும் பழக்கமில்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடும்வரை பரவாயில்லை. அது நின்றதும் வீடு இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். சத்தக்காரர் போனில் ஆதாரத்தைத் தாழ வைத்து, அவள் தலையணைமேல் வைத்துவிட்டுத்தான் படுப்பார். அப்புறம்தான் தூக்கம் வரும்.

மாட்டிக்கொண்டது ஸ்டுடியோவில். சாப்பாட்டு நேரத்தில் பெரிய ஸ்பீக்கரில் அதைப் போட்டு, மணல் தொட்டி பக்கத்தில் ஒரு குட்டித் தூக்கம் போட்டார். கண்ணைத் திறந்தால், அந்த ஒற்றைக் கதவைப் பிடித்துக்கொண்டு டைரக்டர் நிற்கிறார். கை முடி எல்லாம் சிலிர்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே... என்னண்ணே இது?"

மனைவியின் குறட்டை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது தம்பி என்று அறுபது வயதில் எப்படிச் சொல்வது?

"பழைய சரக்கு. ஒண்ணுமில்ல."

"இதாண்ணே புழு!"

தயாரிப்பாளர் குளியலறை டைல்ஸ் வியாபாரத்திலிருந்து படத்துக்கு வந்தவர். சத்தத்தைக்கூட விரலால் தடவிப் பார்க்கிற மாதிரிதான் கேட்டார்.

"என்ன மிருகம்?"

"அதைச் சொல்றதுக்கில்ல."

"தொழில் ரகசியமா? சரி, என்ன விலை?"

தவறு நடந்தது இங்கேதான். விற்பதற்கில்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்க வேண்டும். அதற்குப் பதில், ஆள் தலைதெறிக்க ஓடட்டும் என்று நாற்பது என்றார். டைல்ஸ் வியாபாரி விலையைக் கேட்டு ஓடமாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

"நாப்பதா! அந்தக் காசுக்கு நிஜப் புழுவையே டிக்கெட் போட்டு வரவழைச்சிடுவேனே."

"வரவழைங்க. சம்பளம் பேசி நடிக்க வைங்க."

"கோவிச்சுக்காதீங்க. நாம என்ன நேத்தா பழகறோம்? பத்து."

பத்து பதினைந்தாகி, பதினைந்து பதினெட்டில் நின்றது. விலை சொன்ன நிமிஷத்திலேயே அது சரக்காகிவிட்டது. மிச்சமெல்லாம் சும்மா பேச்சு.

வாரக்கணக்கில் வேலை நடந்தது. மூச்சைப் பாதி வேகத்துக்கு இறக்கி, ரப்பர்க் குழாயின் வழுக்கலைச் சேர்த்து, இரும்புக் குழாய்க்குள் எதிரொலிக்க விட்டார். மெத்தைச் சுருள் உயிர்பெற்றது. கணக்கு எழுதும் பெண் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். தன் வேலையில் சத்தக்காரருக்கே ஒரு பெருமை வந்தது.

அதன் கூலி வீட்டில் கிடைத்தது. ஒருநாள் படுக்கப்போய், வழக்கம்போல் தலையணைமேல் போனை வைத்தார். அசல் பதிவுதான், கலப்படமில்லாதது. ஆனால் கண்ணை மூடினால் பக்கத்தில் கிடந்தது புழு. கண் இல்லாமல், முகம் இல்லாமல், ஈர ரப்பராக. பட்டென்று எழுந்து விளக்கைப் போட்டார். கட்டிலில் அவள் பக்கம் விரிப்பு கசங்காமல் இருந்தது. அன்றிலிருந்து ஆதாரத்தைப் போடுவதை விட்டார். தூக்கம் அவரை விட்டது.

கடைசியாகப் புழுவைக் கொல்லும் காட்சி வந்தது. கொதிநீராவியில் வேகிறது.

"இங்க மூச்சு நிக்கணும்ணே. கட் பண்ணிடுங்க."

சத்தக்காரர் பட்டன்மேல் விரலை வைத்தார். விரல் அங்கேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் மூச்சு நின்றபோது அவர் கீழே, மருந்து வாங்கும் வரிசையில் இருந்தார். கேட்காமல் தப்பித்த அந்த ஒரு சத்தத்தை இப்போது அவரே செய்யவேண்டும்.

"நீயே பண்ணிடுப்பா."

"என்னண்ணே, ஒரு பட்டன்தானே?"

"பண்ணுன்னா பண்ணேன்!"

டைரக்டர் அழுத்தினார். புழு செத்தது. திரை இருண்டது. அந்த அமைதியைச் சத்தக்காரரால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று தேடி, இருட்டில் ஒரே ஒரு மூச்சை வைத்தார். ரப்பர் இல்லை, எதிரொலி இல்லை, வேகம் குறைக்கவில்லை. பீரோ நகர்ந்தது, உச்சியில் நின்றது, விசிலாக இறங்கியது.

"அது இருந்தா படம். இல்லேன்னா உங்க பணம் திரும்பி வரும்," என்று பின்னால் உட்கார்ந்திருந்த தயாரிப்பாளரிடம் சொன்னார்.

"ஐயோ, இருக்கட்டும்ணே! புழு சாகலைன்னு அர்த்தம். ரெண்டாம் பாகம் எடுக்கலாம்!" தயாரிப்பாளர் அப்போதே மனசுக்குள் டிக்கெட் கிழிக்க ஆரம்பித்தார்.

படம் வெளியானதும் சத்தக்காரர் பகல் காட்சியாகப் பார்த்து ஓர ஸீட்டில் போய் உட்கார்ந்தார். தியேட்டர் அலறியது. கடைசி மூச்சுக்கு இன்னும் பலமாக அலறி, பிறகு அசடு வழியச் சிரித்தது. இவர் காதைத் தீட்டிக்கொண்டு அவளைத் தேடினார், கிடைத்தது அலறல்தான். மறுநாளும் போனார். படம் அந்தத் தியேட்டரை விட்டு எடுக்கப்படும்வரை போனார். டிக்கெட் கிழிப்பவன் அவரைப் புழுவின் சொந்தக்காரர் என்று கேலி செய்தான். அது பொய்யுமில்லை.

பிறகு ஒருநாள் கொழுந்தியாள் போன் செய்தாள்.

"அத்தான், நல்லாருக்கீங்களா? சாப்பிடறீங்களா?"

"இருக்கேம்மா. என்ன திடீர்னு?"

"பையன் ஒரு புழு படத்துக்கு இழுத்துட்டுப் போனான். அத்தான்... அந்தப் புழு, அக்காதானே?"

சத்தக்காரர் செருப்பு அலமாரிமேல் உட்கார்ந்தார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"கடைசியில அந்த விசில் வந்துச்சே. கல்யாணம் ஆகற வரைக்கும் ஒரே கட்டில்ல படுத்தவ நான். தியேட்டரே கத்துது, எனக்கு மட்டும் கண்ணு சொக்குது. அப்புறம் அழுகையா வந்துச்சு. அம்மா பயந்துட்டான்னு நெனச்சுப் பையன் கையப் பிடிச்சுக்கிட்டான்."

"அப்ப அவ குறட்டை விடுவாதானே?"

"விடுவாளாவா? வீடே அதிரும் அத்தான்!"

"இத்தன வருஷமா இத ஏன்டி சொல்லல?"

"அக்கா சத்தியம் வாங்கியிருந்தா. யார்கிட்ட ஒத்துக்கிட்டாலும் உங்ககிட்ட மட்டும் ஒத்துக்கக்கூடாதுன்னு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் ஓட்டாத வண்டி மாதிரி, இருமலோடு வந்தது.

"எனக்கும் அதை அனுப்புங்க அத்தான்."

ஒரு தட்டுத் தட்டினால் போய்ச்சேரும். "அனுப்ப முடியாதும்மா. பெரிய ஃபைல். நேர்ல வந்துதான் வாங்கிக்கணும்."

"அவ்வளவு பெருசா?"

"உங்கக்காவோடது பின்ன சின்னதாவா இருக்கும்?"

அவளும் சிரித்தாள். "பையனுக்கு லீவு விடட்டும், வரப் பாக்கறேன்," என்றாள். மீதிப் பணம் படம் வெளியானதும் என்று டைல்ஸ்காரர் சொன்ன அதே குரல்.

படுக்கப்போகும்போது போனை அவள் தலையணைமேல் வைத்தார். முதல் சில மூச்சுக்குப் புழுதான் வந்தது. அசையாமல் காத்திருந்தார். பிறகு ஏதோ ஒரு விசிலில் புழு கழன்றுகொண்டது. ஃபிரிட்ஜ் மோட்டார் நின்றது, வீடு பெரிதாகவில்லை.

தூக்கம் வருவதற்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். டைல்ஸ்காரர் தரவேண்டியது ஆறாயிரம்; நாலு தடவை படியேறினால் பாதியாவது வரும். கொழுந்தியாள் தரவேண்டியது ஒரு வருகை; லீவு விட்டால் வரலாம், வராமலும் போகலாம். மனைவி தரவேண்டியிருந்தது, 'ஆமாம், விடுகிறேன்' என்ற ஒரு வார்த்தை. அது இன்று தங்கச்சி கைவழியாக வந்துவிட்டது. ஆனால் கொடுக்கவேண்டியவள் கொடுத்ததாகாது. வரவு வைப்பதா, வாராக்கடனில் தள்ளுவதா என்று பிடிபடாமல், அந்த ஒன்றை மட்டும் பாக்கி என்றே விட்டுவைத்தார்.