நாரைக்கு முன்னால் பேசக் கூடாது

என் வாயைப் பற்றி என் மாமியார் கல்யாணமான புதிதிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "இவ வாய் மட்டும் மண்ணால செஞ்சிருந்தா இந்நேரம் உடைஞ்சிருக்கும்" என்பார். அப்படிப்பட்ட எனக்கு வாய்த்ததோ வாயைத் திறக்கவே கூடாத வேலை.

எங்கள் நிலையத்தில் நாரைக் குஞ்சுகளை வளர்த்துச் சதுப்பு நிலத்தில் விடுகிறோம். வெளியே உயிரோடு மிச்சமிருக்கிற இந்த இன நாரைகளை எல்லாம் சேர்த்தால் ஒரு பஸ்கூட நிறையாது. குஞ்சு மனித முகத்தையும் குரலையும் அறியாமல் வளர வேண்டும் என்பது விதி. அதனால் தலை முதல் கால் வரை எங்களுக்கு வெள்ளை அங்கி, முகத்துக்கு வலை, வலது கையில் நாரைத் தலை மாதிரி ஒரு பொம்மை. அந்தப் பொம்மையின் அலகால்தான் இரை எடுத்துக் கொடுப்பேன், தண்ணீரைக் காட்டுவேன், சேட்டை செய்தால் ஒரு கொத்தும் கொத்துவேன். கூண்டுக்குள் இருமக்கூடக் கூடாது.

விதி சும்மா வரவில்லை. போன முறை விட்ட பறவை ஒன்று கடைத்தெருவுக்குப் போய் ஆளோடு ஆளாக நின்றது. எவனோ ஒருவன் கட்டையை எடுத்து அடித்தே கொன்றுவிட்டான். அதன் பிறகு நிலையத்தை நடத்தும் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மனிதரைக் கண்டு ஓடாத பறவைக்கு ஆயுள் முழுக்கக் கூண்டுதான்.

இந்த வருடம் பொரித்தது ஒன்றே ஒன்று. காலில் பச்சை வளையம் மாட்டியதால் அதற்குப் பெயரே பச்சை. முட்டை ஓட்டை உடைத்து ஈரத் தலையை நீட்டியதிலிருந்து அதற்கு அம்மா நான்தான். சரியாகச் சொன்னால் என் அங்கிதான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள்; எனக்குப் பச்சையின் கோணல் நடைகூட அழகுதான். அதைக் கொஞ்சத் தோன்றும் போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொள்வேன். அடக்கி வைத்ததை எல்லாம் மாலையில் வீட்டில் கொட்டுவேன். என் வீட்டுக்காரர் தையல்காரர். மிஷினை மிதித்துக்கொண்டே "ம்" கொட்டுவார்.

அங்கியின் கை கிழிந்தபோது அவரிடம்தான் கொடுத்தேன். நாளைக்குத் தைக்கிறேன் என்றார். தையல்காரரின் நாளை எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு வேலைக்குப் போனேன். நமக்குத்தான் ஊக்கு இருந்தால் போதுமே, உலகத்தையே ஒட்ட வைத்துவிடுவோம்.

பச்சை அப்போது என் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. எது மின்னினாலும் கொத்துகிற வயது. பொம்மையால் மண்ணைக் கிளறிப் புழு தேடக் காட்டிக்கொண்டிருந்தேன். கையில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. திரும்பினால், ஊக்கு அதன் அலகில். வாய் திறந்த ஊக்கு. பச்சை தலையைப் பின்னால் சாய்த்தது. விழுங்கப் போகிற நாரை அப்படித்தான் சாய்க்கும். பொம்மையை வீசினேன், எட்டவில்லை.

"துப்புடி சனியனே!"

கூண்டே அதிர்ந்தது. பச்சை துள்ளிப் பின்வாங்கியதில் ஊக்கு மண்ணில் விழுந்தது. பாய்ந்து அதைக் காலால் அழுத்திக்கொண்டேன். குஞ்சு மூலையில் ஒட்டி நின்று, சத்தம் எங்கிருந்து வந்தது என்று நாலா பக்கமும் பார்த்து நடுங்கியது. தவளை தன் வாயால் கெடும். நான் என் வாயால் ஒரு நாரையையே கெடுத்துவிட்டேன்.

மறைக்க மனம் வரவில்லை. நேராக டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே இருந்தார்.

"வெளிய விடுறதுக்கு முன்னாடி எப்பவும் வைக்கிற சோதனைதான். யாராவது சாதாரணத் துணியில உள்ள போய்ப் பேசணும், அது ஓடணும். இந்தத் தடவை நீதான் போகணும். உன் குரலத்தான் அது கேட்டிருக்கு. உன்கிட்ட வந்துச்சுன்னா, என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அன்று மாலை என் வீட்டுக்காரர் பாதியில் நின்ற சட்டையை மிஷினிலிருந்து உருவிப் போட்டுவிட்டு, அங்கியின் கையைத் தைத்தார். முதன்முறையாக அவர் வாயில் நாளை வரவில்லை. தைத்த இடம் தெரியாதபடி தைத்திருந்தார். திட்ட வேண்டும் என்று வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நெருப்பின் மேல் நிற்பது போலத்தான் போயின. பச்சை சில நேரம் என் முகத்து வலையையே உற்றுப் பார்க்கும். உள்ளே ஒரு குரல் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டதோ என்று பொம்மையை முன்னால் நீட்டி அதன் பார்வையைத் திருப்புவேன்.

சோதனை நாளில் டாக்டரம்மா என் அங்கியைப் போட்டுக்கொண்டு கூண்டின் அந்தக் கோடியில் நின்றார். நான் வீட்டுத் துணியில், வெறும் முகத்தோடு உள்ளே நுழைந்தேன். பச்சை தலையைத் தூக்கியது. என்னைப் பார்த்தது. பிறகு, ஓடவில்லை. என்னை நோக்கி ஓர் அடி வைத்தது.

என் நடையை அடையாளம் கண்டுகொண்டது. முகம் தெரியாவிட்டால் என்ன, இத்தனை நாள் என் பின்னாலேயே நடந்த குஞ்சு ஆயிற்றே. இன்னோர் அடி வைத்தது. வராதே, வராதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வந்தால் அள்ளிக்கொள்ளலாம் என்றும் அதே நெஞ்சு ஏங்கியது. அந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். இனி பேசியே ஆக வேண்டும். கத்தி விரட்டினால் சோதனை செல்லாது. சாதாரணமாகத்தான் பேச வேண்டும். இத்தனை நாள் உதட்டில் கடித்து வைத்திருந்ததுதான் வந்தது.

"பச்சை, என் கண்ணு, நல்லா இருக்கியாடி?"

வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் பேசியதில்லை. பச்சைக்கு அது போதும். அன்று அதிர வைத்த அதே குரல். கழுத்தை நீட்டி அபயக்குரல் எழுப்பி, இறக்கையை அடித்துக்கொண்டு, விழுந்தடித்து ஓடியது. என்னைக் கண்டு பயந்து, என் அங்கிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. தைத்த கைக்கு அடியில் தலையைச் செருகிக்கொண்டது.

அங்கிக்குள் இருப்பவர் பேசக் கூடாதே. டாக்டரம்மா கையிலிருந்த பொம்மைதான் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டியது. தேறிவிட்டது என்று அர்த்தம்.

அங்கி போடாதவரை அந்தக் கூண்டுக்குள் இனி நான் வாயை மூட வேண்டியதில்லை. எவ்வளவு சத்தம் போடுகிறேனோ அவ்வளவுக்கு அதற்கு நல்லது. வாய்விட்டு அழுதேன். பச்சை இன்னும் தள்ளி ஓடியது.