சமையலறைக்காரர்களின் கால் மட்டும் நனையவில்லை

கடலே இல்லாத அந்த ஊரில், சுஷி கடை திறந்த சில வாரங்களில் கடைக்குள் கடல் வந்தது. மாலையில் விளக்கு போட்டதும் வாசல் வழியாக உள்ளே நுழையும், கணுக்கால் உயரத்துக்கு நிற்கும், கடை சாத்தும் முன் வந்த வழியே வற்றிப்போகும். தெருவில் ஒரு சொட்டு இருக்காது. முதல் நாள் சாப்பிட வந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறினார்கள். அடுத்த வாரமே கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு மெனு அட்டையைப் புரட்டினார்கள். நகராட்சிக்காரர்கள் வந்து நாக்கில் தொட்டுப் பார்த்தார்கள். உப்புக் கரித்தது. வடிகால் அடைப்பு என்று முடிவுகட்டி, ஆளுக்கு இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தக் கடையில் மீன் நறுக்குகிறவளை எல்லாரும் கத்தியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புருஷன் போய்ச் சேர்ந்தபின் ஒரே மகளை அந்தக் கத்தியால்தான் வளர்த்து ஆளாக்கினாள். பச்சை மீனை ஒரே இழுப்பில் சரிவாகச் சீவ வேண்டும். சமையல் மாஸ்டர் பிடித்து வைக்கும் புளிப்புச் சோற்று உருண்டைமேல் அதைப் போர்த்த வேண்டும். தட்டு சுவரிலுள்ள சந்து வழியாக வெளியே போய்விடும். யார் தின்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சீட்டில் மேசை எண் மட்டும்தான் வரும். வெளியில் சாப்பிடப் போவது என்றால் ஊருக்கு அலங்காரமும் சிரிப்பும். அவளுக்கு அது ஐந்தாம் மேசை, எட்டாம் மேசை, அவ்வளவுதான். நாள் முழுக்க மீனோடு கிடக்கிறவளுக்கு மீனைக் கண்டால் பசியா வரும்? பின்வாசல் படியில் உட்கார்ந்து வீட்டுச் சோற்றைத்தான் தின்பாள். மாஸ்டரும் மற்றவர்களும் அப்படியே.

தண்ணீர் சமையலறைக்கும் வந்தது. ஆனால் அவர்கள் காலை நனைக்காமல் ஒதுங்கி ஓடியது. விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவள் கத்தியக்காதான்: கடையில் சாப்பிட்டவர்களை மட்டுமே அது நனைத்தது. நனைந்த கால் வீட்டுக்குப் போயும் காயவில்லை. தின்னத் தின்ன ஈரம் மேலே ஏறியது, முழங்கால், இடுப்பு, மார்பு என்று. உச்சந்தலை நனைந்தவர்கள் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு கடைசியாக ஒருமுறை வந்து உட்காருவார்கள். தண்ணீர் வற்றும்போது சிரித்த முகமாக அதோடு போய்விடுவார்கள். யாரும் திரும்பி வந்ததில்லை. விட்டுப்போன செருப்புகளை முதலாளி அலமாரியில் அடுக்கி வைத்தார், யாராவது கேட்டு வந்தால் கொடுக்கலாம் என்று. சுவை அப்படி, என்ன செய்வது என்று ஊர் சொல்லிக்கொண்டது. கூட்டம் குறையவே இல்லை.

“அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே, காலை ஒடிச்சிடுவேன்” என்று கத்தியக்கா மகளிடம் சொல்லி வைத்திருந்தாள். அப்படியும் ஒருநாள் காலையில் எழுந்தபோது, வீட்டுத் தரையில் கதவிலிருந்து மகளின் கட்டில் வரை ஈரக் காலடிகள் கிடந்தன. போர்வையை விலக்கிப் பார்த்தாள். ஈரம் முழங்கால் வரை ஏறியிருந்தது.

“அறிவிருக்காடி உனக்கு? எத்தனை தடவ சொன்னேன்!”

“ஆபீஸ்ல எல்லாரும் கூப்பிட்டாங்கம்மா. சும்மா ஒரு தடவதான்னு போனேன்.” போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, “நீதானம்மா நறுக்கினே. ஊரே உன் கையைப் புகழுது. பெத்த பொண்ணு நான் மட்டும் அது எப்படி இருக்கும்னு தெரியாம இருக்கணுமா?” என்றாள்.

என் கையாலேயே என் பிள்ளைக்கு நறுக்கிப் போட்டிருக்கிறேனே என்று கத்தியக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். திட்டினாள், கெஞ்சினாள், கதவைப் பூட்டிப் பார்த்தாள். மகள் சத்தியம் செய்தாள், மறுபடியும் போனாள். எந்த மேசை என்று தெரியாததால் கத்தியக்கா எல்லா மேசைக்கும் வேண்டுமென்றே மொக்கைக் கத்தியால் மீனைப் பிய்த்து அனுப்பினாள். மாஸ்டர் காய்ச்சி எடுத்துவிட்டார். சாப்பிட்டவர்களோ ஒரு குறையும் சொல்லவில்லை. வேலையை விட்டால் இன்னொருத்தி நறுக்குவாள். அதனால் விடவும் இல்லை. தினமும் காலையில் மகளின் தோளைத் துடைப்பாள், துண்டைப் பிழிவாள், மறுபடி துடைப்பாள். பிறகு ஒருநாள் பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அன்று மாலை சர்வர் சீட்டை நீட்டியபோது அவள் கண்ணைப் பார்க்கவில்லை. “ஏழாம் மேசைக்கா... உங்க பொண்ணு. பட்டுல வந்திருக்கு.”

கத்தியக்கா நல்ல கத்தியை எடுத்தாள். யாருக்கு நறுக்குகிறோம் என்று தெரிந்து நறுக்கியது அன்றுதான். ஒரு தட்டு முடித்தாள், நிறுத்தவில்லை. பெரிய தாம்பாளம் நிறைய நறுக்கினாள். மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. உருண்டை பிடித்துப் பிடித்து வைத்தார். அவள் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு, தாம்பாளத்தோடு வெளியே போய் ஏழாம் மேசையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அம்மா, வேணாம்மா!”

“வாயை மூடிட்டு உன் தட்டைப் பாரு.”

முதல் துண்டிலேயே கால் சில்லென்றது. அவளுடைய கை இவ்வளவு ருசியானது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆனால் ரசிக்க நேரம் ஏது? மகளுக்கு உச்சி வரை நனைந்திருந்தது, கத்தியக்காவுக்கோ பாதம் மட்டும்தான். மென்றும் மெல்லாமலும் விழுங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. புரையேறியது, மகள் தலையில் தட்டினாள். தாம்பாளம் காலியானபோது ஈரம் கழுத்தோடு நின்றுவிட்டது. தண்ணீர் வாசல் பக்கம் இழுக்கத் தொடங்கியது. மகளின் நாற்காலி மெல்ல நகர்ந்தது. கத்தியக்கா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மகள் தன் தட்டைப் பார்த்தாள். இரண்டு துண்டு தொடாமல் இருந்தன. அழுதுகொண்டே சிரித்தாள்.

“ஆ காட்டும்மா” என்று ஊட்டிவிட்டாள். “இன்னொண்ணு. ஆ.”

கத்தியக்காவின் நரைத்த கொண்டையிலிருந்து தண்ணீர் வழிந்தது. இருவரும் கைகோத்து எழுந்தார்கள்.

சர்வர் இரண்டு ஜோடிச் செருப்பை அலமாரியில் வைத்தார். தட்டுகளை எடுத்தார், மேசையைத் துடைத்தார், வெகுநேரமாகக் காத்திருந்த குடும்பத்தை ஏழாம் மேசையில் உட்காரவைத்து, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.