அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள்

தோட்டத்தில் ஆப்பிள் குவியல் குவியலாக அழுகிக்கொண்டிருந்தது. குளவி மொய்த்தது. பிழியலாமென்றால் சாற்றை ஊற்ற ஒரு பீப்பாய் காலியில்லை. நான்கிலும் போன வருஷம் பிழிந்து புளிக்கவைத்த ஆப்பிள் மது, சைடர். கீழே கொட்டவும் ஹெட்லி விடமாட்டான், விற்கவும் மாட்டான். இந்த மனிதனோடு இருபத்தாறு வருஷம் எப்படித்தான் குப்பை கொட்டினோமோ என்று மேவிஸுக்கு ஆத்திரமாக வந்தது.

ஆள் வராமலில்லை. இங்கிலாந்தின் மேற்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள் இந்தச் சாமர்செட் வழியாகத்தான் போகவேண்டும். காரை நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக் கேனோடு வருவார்கள். வந்தவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே? "ஸ்க்ரம்பி இருக்கா?" என்பார்கள். நாட்டுச் சைடருக்கு அவர்கள் வாயில் அதுதான் பேர்.

அவ்வளவுதான். ஹெட்லிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"அது சூம்பிப்போன ஆப்பிளுக்குப் பேருய்யா. பொறுக்கித் தின்னறவன் பேச்சு. எங்க தாத்தா காலத்துலேர்ந்து இது சைடர். கெளம்பு."

நேற்று மட்டும் ஒன்பது காரைத் திருப்பி அனுப்பினான்.

"ஏன்யா, என்ன பேர் சொன்னா உனக்கென்ன? குடிக்கிறது அதைத்தானே?" என்றாள் மேவிஸ்.

"நீ சும்மா இருடி. நான் செத்தாலும் அந்தப் பேர்ல ஒரு சொட்டு போகாது."

"அதுக்குள்ள பழமெல்லாம் செத்துரும்."



சனிக்கிழமை காலை மேவிஸ் சாலைத் திருப்பத்தில் போய் நின்றாள். ஹெட்லி சைடர் விற்கும் கொட்டகையிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது. வந்த ஒவ்வொரு காரையும் கைகாட்டி நிறுத்தினாள்.

"உள்ள போய் 'சைடர்'னு கேளுங்க. இன்னொரு பேர் இருக்கே, அதை மட்டும் வாய்ல எடுக்காதீங்க."

"ஏம்மா, அது கெட்ட வார்த்தையா?" என்றார் ஒரு தடித்த மனிதர்.

"வார்த்தை நல்ல வார்த்தைதாங்க. எங்க வீட்டுக்காரர்தான் ஒரு மாதிரி."

ஏழு மணி நேரம் இதையே சொன்னாள். நடுவில் ஒரு தூறல் வேறு. தொண்டை கட்டிவிட்டது, கால் வீங்கிவிட்டது. ஒரு வார்த்தைக்காக இப்படி நடுரோட்டில் நிற்க வைத்துவிட்டானே என்று அழுகைகூட வந்தது. கார்கள் மட்டும் நிரம்பிய கேன்களோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

சாயங்காலம் அவள் கொட்டகைக்குள் நுழைந்தபோது ஹெட்லி கடைசிப் பீப்பாயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். காலி. முகமெல்லாம் பல்.

"பாத்தியா மேவிஸ்? இன்னிக்கு வந்தவன்ல ஒருத்தன்கூட அந்த வார்த்தையைச் சொல்லல. எல்லாம் மரியாதையா சைடர்னு கேட்டான். நீ விட்டுக்கொடு விட்டுக்கொடுன்னு உசிரை எடுத்தியே. நான் பிடிச்ச பிடில நின்னேன், ஊரே திருந்திருச்சு."

மேவிஸ் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் நாளைக்கே மறுபடி ஆரம்பிப்பான். வெளியே குவிந்து கிடந்த பழத்தைப் பார்த்தாள். வாளியை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"ஆமாய்யா, ஊரே திருந்திருச்சு," என்றாள் கட்டிய தொண்டையில். "நீ ஒருத்தன்தான் பாக்கி. பீப்பாயைக் கழுவு."