நல்ல காலின் ஐந்து உதைகள்

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழாதவர்கள் குறைவு. பார்ப்பதற்குப் பல் டாக்டரிடம் இருக்கும் நாற்காலி மாதிரிதான் இருக்கும். உட்கார வைத்து, மார்பிலும் இடுப்பிலும் தொடையிலும் பட்டை போட்டு இறுக்கி, கணுக்காலுக்கு மேலே ஒரு திண்டைக் கட்டிவிடுவார்கள். ‘உதை’ என்றதும் உதைக்க வேண்டும். உயிரைக் கொடுத்து உதைத்தாலும் திண்டு தன் வேகத்தில்தான் நகரும். உதைத்த பலம் மட்டும் பக்கத்துத் திரையில் ஒரு மேடாக ஏறி இறங்கும். விளையாட்டுக் காயங்களை ஆராயும் அந்தக் கூடத்தில் அதற்கு உதை நாற்காலி என்று பேர். அதை இயக்குகிறவளுக்குத் தராசு என்று பேர்.

பேர் வைத்தவர் பெரிய டாக்டர். வைத்ததில் தப்பில்லை. பதினோரு வருஷத்தில் அவள் ஒரு எண்ணைக் கூட்டி எழுதியதில்லை, குறைத்து எழுதியதில்லை. பயிற்சியாளர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள், கடைசியில் திட்டிவிட்டுப் போனார்கள். அவள் பாட்டுக்குத் திரையில் வந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் பட்டையை இறுக்கப் போய்விடுவாள்.

முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் லிகமெண்ட் அறுந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எப்போது மறுபடி ஆடலாம் என்பதுதான் அங்கே நடந்த ஆராய்ச்சி. ஆபரேஷன் ஆன காலின் பலத்தை நல்ல காலின் பலத்தோடு ஒப்பிட வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு வந்தால் சான்றிதழ் கிடைக்கும், ஆடலாம். எண்பத்தொன்பது வந்தால் வீட்டுக்குப் போய் இன்னும் மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு வர வேண்டும். இந்தத் தொண்ணூறை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, நன்றாக இருக்கட்டும்.

இப்படித்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் தன் புருஷனின் தங்கச்சிக்கே அவள் எண்பத்துநாலு என்று எழுதிக் கொடுத்தாள்.

அந்தப் பெண் வாலிபால் ஆடுகிறவள். வலைக்கு முன்னால் நின்ற இடத்திலிருந்து அவள் எழும்புவதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் தத்துக்கிளி என்று கூப்பிட்டார்கள். வீட்டில் அது சுருங்கிக் கிளி ஆகிவிட்டது. இடது முட்டி போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் இருபத்துமூன்று வயது முடிகிறது. முடிந்தால் இளையோர் அணியில் இடமில்லை, அந்த அணியில் ஆடாதவளைப் பெரிய அணிக்காரர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். சனிக்கிழமை நடக்கும் தேர்வுதான் கடைசி. அதற்குச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

எண்பத்துநாலு என்று எழுதிய நாளிலிருந்து தராசுக்கு வீடு வீடாக இல்லை. மாமியார் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி முடித்திருக்கலாம். அந்த அம்மாள் மருமகளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். எதிரில் நிற்கிறவளை வைத்துக்கொண்டே மகனிடம், “உன் பொண்டாட்டி வந்தாச்சான்னு கேட்டுச் சொல்லுப்பா” என்பாள்.

புருஷன் நல்லவன்தான். நல்லவன் என்பதாலேயே இரண்டு பக்கமும் தலையாட்டுவான். “ஆறு பர்சன்ட்தானே. கண்ண மூடிக்கிட்டு எழுதிக் குடுத்திருந்தா என்ன குடியா முழுகிடும்?” என்று ஒருநாள் கேட்டான்.

“முட்டி முழுகிடும்” என்றாள் அவள்.

கிளி மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அந்தக் கணக்க எப்படிப் போடறீங்க, அண்ணி?” என்று கேட்டாள். மூன்று வாரமாக வீட்டில் யாரும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவளுக்கு அது வாயில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. தட்டில் விரலால் கோடு போட்டு விளக்கினாள். மேலே அடிபட்ட கால், கீழே நல்ல கால், வகுத்து நூறால் பெருக்கு. “அப்போ ரெண்டும் கிட்டக் கிட்ட இருந்தாப் போதும்” என்றாள் கிளி. “அவ்வளவேதான்” என்றாள் இவள். தானே வழி சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை மறுசோதனை. வீட்டு ஆளை வீட்டு ஆளே சோதிக்கக் கூடாது என்று கூடத்தில் ஒரு விதி உண்டு. போன தடவை தராசு எழுதியதைக் கூட நின்று சரிபார்த்த இன்னொரு சோதனைக்காரிக்கு இப்போது பிரசவ விடுப்பு. தராசு பெரிய டாக்டரிடம் போய், “சார், வேற யாரையாவது பண்ணச் சொல்லுங்க” என்றாள். அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “உன்ன விடக் கறாரான ஆளு இந்தக் கட்டடத்துலயே கிடையாது. உன் வீட்டு ஆளுன்னா இன்னும் ரெண்டு மடங்கு கறாரா இருப்பே. போம்மா, போய்ப் பண்ணு.”

முதலில் நல்ல காலைச் சோதிப்பதுதான் முறை. கிளி நாற்காலியில் உட்கார்ந்தாள். தராசு பட்டைகளை இறுக்கி, வலது காலில் திண்டைக் கட்டினாள்.

“உதை.”

கிளி பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள். திரையில் நூற்றெழுபத்திரண்டு. அடுத்தது நூற்றுநாற்பத்தொன்பது. அப்புறம் நூற்றறுபத்தெட்டு, நூற்றைம்பத்தொன்று, நூற்றெழுபது. ஐந்து உதை முடிந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் இதே கால் நூற்றுத்தொண்ணூறு உதைத்திருந்தது. ஐந்து தடவையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி மேடுகள். இப்போது வந்த மேடுகள் உச்சியில் நடுங்கிக் கோணலாக நின்றன. முழு மூச்சாக உதைக்கிறவர்களுக்குத்தான் ஒரே மாதிரி உதைக்க முடியும். பாதி பலத்தை அளந்து உதைக்கப் பார்க்கிறவர்கள் ஒருமுறை கூடவும் ஒருமுறை குறையவும் உதைத்து மாட்டிக்கொள்வார்கள். அதற்காகவே ஒரு விதி இருந்தது. ஐந்தில் உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் இருபதுக்கு மேல் இடைவெளி இருந்தால், பத்து நிமிஷம் ஓய்வு கொடுத்து மறுபடி உதைக்கச் சொல்ல வேண்டும். அந்த விதியை எழுதியவளே தராசுதான்.

இடைவெளி இருபத்துமூன்று.

அவள் திண்டை இடது காலுக்கு மாற்றினாள். இந்த முறை கிளி கத்தவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின, கழுத்து நரம்பு புடைத்தது, மூன்றாவது உதையில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐந்தில் உயர்ந்தது நூற்றைம்பத்தெட்டு. மூன்று மாதம் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்த காலில் ஒரு குண்டுமணி பலம் கூடவில்லை, போன தடவையைவிட இரண்டு குறைந்திருந்தது. நல்ல காலை உதைத்தபோது இதே விரல்கள் கைப்பிடியில் சும்மா கிடந்ததைத் தராசு பார்த்திருந்தாள். பார்க்கவில்லை என்று சாமி முன்னால் அவளால் சொல்ல முடியாது.

கணக்கைப் போட்டாள். நூற்றைம்பத்தெட்டை நூற்றெழுபத்திரண்டால் வகுத்தாள். தொண்ணூற்றிரண்டு சதவீதம் வந்தது.

“எவ்வளவு, அண்ணி?”

மறுபடி உதைக்கச் சொல்லலாம். இரண்டாவது தடவை யாராலும் அவ்வளவு சாமர்த்தியமாக ஏமாற்ற முடியாது, பத்து நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும். தெரிந்தால் எண்பத்துமூன்று. வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வாசலில் நுழைய வேண்டும். மாமியார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும், இந்த முறை மூன்று மாதத்தோடு முடியாது, ஆயுசுக்கும் நீடிக்கும். ஒரு பெண்ணின் வாழ்க்கையை இரண்டு தடவை கெடுத்தவள் என்று பேராகும்.

படித்தவளுக்குச் சாக்குக்கா பஞ்சம்? ஒரு வருஷம் ஆடாமல் இருந்தால் நல்ல காலும் இளைக்கத்தான் செய்யும், அப்படி ஆராய்ச்சிகளே சொல்கின்றன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆராய்ச்சிகள் சொல்வது நிஜம்தான். இந்தக் காலுக்கு அது பொருந்தாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

“தொண்ணூத்திரெண்டு” என்றாள்.

கிளி பட்டையை அவிழ்க்கக்கூட விடாமல் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று இவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு உட்கார்ந்து படிவத்தில் எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார், “வாம்மா, கை கால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்” என்றாள். தன் கையால் பரிமாறினாள். போதும் என்று சொல்லியும் இன்னொரு கரண்டி வைத்தாள். புருஷன் இல்லாத ஜோக்குக்கெல்லாம் சிரித்தான். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், தராசுக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டில் இவ்வளவு நன்றாக அவள் சாப்பிட்டதில்லை.

சனிக்கிழமை குடும்பமே போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தது. கிளி வலைக்கு முன்னால் நின்று எழும்பினாள். மேலே போவதில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் யார் இது என்று கேட்க, மாமியார் என் பொண்ணு என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். எல்லோரும் அவள் எழும்புவதைப் பார்த்தார்கள், தராசு இறங்குவதைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் இடது முட்டி உள்பக்கமாக மடங்கியது. பலமில்லாத கால் அப்படித்தான் மடங்கும் என்று அவள் எத்தனையோ பேருக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறாள். எழுந்துபோய்ப் பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிறுத்திவிடுவார்கள். என்ன சொல்வது? நான் போட்ட கையெழுத்து பொய் என்றா?

பதினாலாவது இறக்கம் வரை எண்ணினாள். பதினைந்தாவதில் கிளி கீழே கிடந்தாள். முட்டி போன சத்தம் மூன்றாவது வரிசை வரை கேட்டது. அதன் பிறகுதான் கிளியின் அலறல் வந்தது. மாமியாருக்கு என்ன நடந்தது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

புதிதாக வைத்த லிகமெண்ட் அறுந்துபோயிற்று. அதோடு முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பும் நொறுங்கிவிட்டது. “இனிமே ஆட்டத்த மறந்துட வேண்டியதுதான். சாதாரணமா மாடிப்படி ஏறி இறங்கினாலே பெரிய விஷயம்” என்று ஆபரேஷன் செய்த டாக்டர் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் வந்து சுவரில் சாய்ந்து நின்றான். யாரையும் குறை சொல்லவில்லை.

திங்கட்கிழமை பெரிய டாக்டர் தராசை அறைக்குக் கூப்பிட்டு வருத்தம் சொன்னார். மெய்யான வருத்தம்தான். சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி, “தப்பா எடுத்துக்காதம்மா. ஆனா இது நம்ம ஆராய்ச்சிக்கு ரொம்ப முக்கியமான கேஸ். தொண்ணூத்திரெண்டு வந்தவளுக்கே இப்படி ஆகுதுன்னா, இந்தத் தொண்ணூறே போதாதுன்னு ஆகுது. வேற யாராவது எடுத்த அளவா இருந்தா நானே சந்தேகப்பட்டிருப்பேன். நீ எடுத்ததாச்சே” என்றார்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சார், அந்த அளவு தப்பு, எடுத்துடுங்க. ஐந்தே வார்த்தை. அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மாமியாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிளியின் கால் இடுப்பு வரை கட்டுப்போட்டு உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு நாளாக அவள் தூங்கவில்லை. வலிக்கு மருந்து கொடுத்தும் கண்ணை மூடவில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அம்மா போய்விட்டாளா என்று வாசலைப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு, கிளி அண்ணியின் கையைப் பிடித்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், அண்ணி. திட்டக் கூடாது.”

“சொல்லு.”

“அன்னிக்கு நல்ல கால்ல நான் சரியா உதைக்கல. வேணும்னே கம்மியா உதைச்சேன். உங்கள ஏமாத்திட்டேன்.”

தராசு போர்வையின் மடிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

“நீங்க என்னை நம்பித்தானே கையெழுத்துப் போட்டீங்க. இப்ப இதால உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடுமா? ஆச்சுன்னா நான் வந்து சொல்றேன், எல்லாம் என் தப்புதான்னு.”

“ஒண்ணும் ஆகாது. நீ தூங்கு.”

“உதைக்கும்போதெல்லாம் பயந்துக்கிட்டே இருந்தேன். அண்ணி கண்டுபிடிச்சிடுவாங்கன்னு.” கிளி மேலே மின்விசிறியைப் பார்த்தாள். “கண்டுபிடிச்சிருக்கலாம் நீங்க. இல்ல?”

நான் பார்த்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் இந்தப் பெண் இனி யாரை நம்புவாள்? இப்படி ஒரு நல்ல காரணமும் உடனே கிடைத்துவிட்டது அவளுக்கு.

“என்னை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அண்ணி. இது மனசுல கிடந்து அரிச்சுக்கிட்டே இருக்கு. தூக்கமே வரல.”

தராசு அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

“மன்னிச்சிட்டேன்” என்றாள்.

கிளி அவள் கையை விடாமலே பக்கவாட்டில் தலையைச் சாய்த்து, சீக்கிரமே தூங்கிப்போனாள்.