மூன்றரை மணிக் கச்சேரி

குனிந்து செருப்பைக் கழற்றப்போன ஜெயப்ரியாவை அப்படியே இழுத்துக் கட்டிக்கொண்டாள் காளியம்மாள் அத்தை. சாமியானாவுக்குக் கீழே ஓய்ந்திருந்த பெண்கள் ஒப்பாரியை மறுபடி எடுத்தார்கள். கூடத்தில், ஃப்ரீசர் பெட்டிக்குள், அப்பா சின்னராஜ் இரண்டு நாளாக மகளுக்காகக் கிடந்தார். உள்ளே பனி பூத்ததால் யாரோ துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"டிக்கெட்டே கெடைக்கலியாமே கண்ணு. அந்தூர்ல ஒண்டியா என்ன பாடு பட்டியோ."

"ஆமா அத்தை" என்றாள் ஜெயப்ரியா. பொய் தடங்கலில்லாமல் வந்தது.

டிக்கெட் கிடைத்தது. ஞாயிறு விடிகாலை அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஆட்டோவிலேயே எல்லாம் முடிந்து, அண்ணன் மோகன்குமார் ஜெர்மனிக்குப் போன் செய்தபோது அங்கே சனி நள்ளிரவு தாண்டியிருந்தது. காலையில் கிளம்பும் விமானத்தில் இடம் காலியாக இருந்தது. ஆனால் அன்று காலை பதினோரு மணிக்கு, இந்திய நேரம் மூன்றரைக்கு, கச்சேரி. அங்கே ஒரு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் இரண்டாம் வயலின் வரிசையில் அவள் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு வருஷம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். கேட்டிருந்தால் கட்டாயம் விட்டிருப்பார்கள். அவள் கேட்கவேயில்லை. அப்பா இனி எங்கே போய்விடப் போகிறார், கச்சேரி போனால் போனதுதான் என்று அந்த நேரத்தில் தோன்றியது. அப்படித் தோன்றியதை இப்போது நினைத்தால் காதெல்லாம் சுட்டது.

"ஆனாலும் முந்தாநேத்து உன்னிய நாங்க பாத்தமே" என்றாள் அத்தை, மூக்கைச் சிந்திக்கொண்டே.

"எங்க அத்தை?"

"மூணேகாலுக்கு உங்கப்பன் போனு அடிச்சுது. யாரோ கூப்புடறாங்கன்னு எடுத்தா அலாரமாம். ஜெயா கச்சேரின்னு எழுதி வெச்சிருந்துச்சு மனுசன். பாக்கணும்னு ஆசப்பட்டுக்கினு இருந்தாரேன்னு உங்கம்மா போட்டு வுட்டா. பொட்டி மேலயே வெச்சு அத்தன பேரும் பாத்தோம்."

கச்சேரியை நேரலையில் பார்க்கும் லிங்கைப் பத்து நாளைக்கு முன் அனுப்பியதே அவள்தான். அதை மறந்தே போயிருந்தாள்.

"அத்தன வெள்ளக்காரங்களும் உங்கப்பனுக்காவக் கறுப்பு போட்டுக்கினு ஒக்காந்திருந்தாங்களே! சொந்த சனம்கூட இப்படிச் செய்யாது. மோகன் சொல்லலன்னா எங்களுக்கு எங்க தெரியும்?"

எந்தக் கச்சேரிக்கும் அங்கே கறுப்புதான் உடுப்பு. அப்பா செத்துப்போனதை அவர்களில் ஒருவரிடமும் அவள் சொல்லியிருக்கவில்லை. மேடைக்குப் போகுமுன் பக்கத்து நாற்காலிக்காரி தூங்கினாயா என்று கேட்டதற்குக்கூடச் சிரித்து வைத்தாள்.

மோகன்குமார் வாசலில் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏன்ணா அப்படிச் சொன்ன?"

"வேற என்னன்னு சொல்றது? டிக்கெட் இல்லன்னியே, இவ எப்படி அங்க வாசிக்கிறான்னு அத்தை கேட்டுச்சு. அப்பாவுக்காகத்தான் எல்லாரும் வாசிக்கிறாங்கன்னு சொல்லிட்டேன்." கேனை நிமிர்த்தி வைத்தான். "எத்தன சீட்டு காலின்னு நானும் போன்ல பாத்தேன் ஜெயா."

திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். அவன் குரலில் கோபமே இல்லாதது அவளைக் கூசவைத்தது.

"அம்மாவுக்கு?"

"தெரியாது. தெரியவும் வேணாம்."

அதற்குள் கம்பெனி பஸ் வந்து நின்றது. சிப்காட்டில் அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள் முப்பது பேர் இறங்கினார்கள். எல்லார் சட்டையிலும் கறுப்பு பேட்ஜ். முன்னால் வந்தவர் அழகர்சாமி. மதுரைப் பக்கத்துக்காரர், அப்பாவுக்கு அடுத்த மிஷினில் இருபது வருஷம் நின்றவர்.

"முன்ன யாரு செத்தாலும் மாலையோட சரித்தா. முந்தாநாத்து நானும் இங்கனதான பாத்தேன், அந்தூரு ஆளுகளே சின்னராசுக்குக் கறுப்பு போட்டுட்டாக, நாங்க போடாம வந்தா நல்லாருக்குமா?" ஒரு பேட்ஜையும் குண்டூசியையும் அவள் உள்ளங்கையில் வைத்தார். "ஒங்கூட வாசிக்கிறவுகளுக்கு எங்க ஷிப்ட்டு சார்பா ஒரு நன்றி சொல்லிரு தாயி. மறந்துராத."

சொல்கிறேன் என்று தலையாட்டினாள். எத்தனை பேருடைய நல்ல மனசை ஏமாற்றி வாங்கிக்கொள்வது என்றிருந்தது. பேட்ஜை அவள் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்க, மோகன்குமார்தான் அதை வாங்கி, முகத்தைப் பார்க்காமல், அவள் துப்பட்டாவில் குத்திவிட்டான்.

பெட்டியைத் திறந்துவிட்டார்கள். தலைமாட்டில் இருந்த அம்மா, பக்கத்தில் உட்காரச் சொல்லி அவள் கையை இழுத்தாள். இரண்டு நாளில் குரல் கரகரத்துப் போயிருந்தது.

"நானு உன்னிய மட்டுந்தான் பாத்துக்கினு இருந்தேன். நடுவுல ஒரு எடத்துல நீ வாசிக்காம, அத மடியில வெச்சுக்கினு ஒக்காந்துட்ட."

"ம்."

"ஆனா ஒதடு மட்டும் அசைஞ்சுது. அப்பாகிட்டதான பேசுன?"

அந்த இடத்தில் இரண்டாம் வயலின்காரர்களுக்கு வாசிக்க ஒன்றுமில்லை. முப்பத்தாறு சுற்றுத் தாளம் சும்மா இருக்க வேண்டும். எண்ணிக்கை தப்பினால் மறுபடி நுழையும் இடம் தப்பிவிடும். அவள் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். தப்பாமல் எண்ணினாள். அந்த நேரம் முழுவதும் அப்பாவின் நினைப்பு ஒரு முறைகூட வரவில்லை.

"ஆமாம்மா."

"என்ன சொன்ன?"

அம்மா ஆசையாகக் கேட்டாள். எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள். அது தெரிந்ததாலேயே ஜெயப்ரியாவுக்கு அடுத்த பொய் வரவில்லை. அத்தை வாய்க்கரிசித் தட்டை நீட்டினாள்.

"அப்புறம் பேசிக்கலாம். மூணு தரம் போடு கண்ணு. எண்ணிப் போடு."

அரிசியை அள்ளி அப்பாவின் வாய்க்கருகே கொண்டுபோனாள். எதிரில் அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயப்ரியா உதட்டை இறுக மூடிக்கொண்டு, மனசுக்குள் எண்ணி, அரிசியைப் போட்டாள்.