சாதிக் பாய் வண்டி முள்ளும் ஆனிக் கடைசி முகூர்த்தமும்

மாப்பிள்ளை வீரமலை பட்டாளத்துக்காரன். பச்சைமலையில் மரவள்ளி போடுகிற குடும்பம். கல்யாணமும் அங்கே மலைமேல்தான். லீவு முடிந்து நாளை மறுநாள் ரயிலேறுகிறான். இன்றைக்கு ஆனி மாதக் கடைசி முகூர்த்தம், பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. இதை விட்டால் ஆடி. ஆடியில் எவன் தாலி கட்டுவான்? அப்புறம் அடுத்த லீவுதான். சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு அடுத்த லீவு எப்போது என்று யாரால் சொல்ல முடியும்?

இவ்வளவும் தெரிந்திருந்தும், திருவானைக்காவலில் பெண் வீட்டு வாசலில் விடிகாலை ஆறு மணிக்கு ஜெகபர் சாதிக் பாய் ராத்திரியே கொண்டுவந்து நிறுத்தியிருந்த தன் பழைய டீசல் பிக்கப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்கி, "வண்டி வராதுங்க" என்றார். கல்யாணப் பெண் இருசம்மாள் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"என்ஜின் நல்லாத்தானே ஓடுது பாய்?"

"ஓடுது தாயி. எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டுற மீட்டரு செத்துப்போச்சு. போன வருஷம் இதே மலையில முள்ளு இருபதைத் தாண்டினதைக் கவனிக்கல, என்ஜின் தெறிச்சிடுச்சு. சத்தத்தை வச்சே கண்டுபிடிக்க என் காது என்ன காதா? இந்த முள்ளுதான் எனக்குக் காது."

உண்மைதான். பதினைந்து வருஷம் டீசல் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்த மனுஷனுக்கு இரண்டு தரம் கத்தினால்தான் ஒரு தரம் கேட்கும். மலைக்குப் போகிற ஒரே பஸ்ஸும் ஐந்து மணிக்கே போய்விட்டது. அப்பா அடைக்கலத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இருசம்மாள் புத்தூர்த் தையல் கடையில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறவள். மெஷின் நின்றால் ஆளுக்குச் சொல்லி அனுப்பாமல் தானே கழற்றி மாட்டுகிறவள். கூறைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்குள் ஏறிவிட்டாள்.

"அடியே! கையில காப்பு கட்டியிருக்குடி!" என்று அலறினாள் அத்தை பொன்னுத்தாய்.

"காப்பு கையிலதான இருக்கு அத்தை, கண்ணுல இல்லையே. பாய், இந்த முள்ளை எது சுத்துது?"

"என்ஜின்லேருந்து ஒரு கறுப்புக் குழாய் வருது பாரு. அதுக்குள்ள கம்பி சுத்தும். கம்பி சுத்தினா முள்ளு ஏறும்."

மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு, குழாயைப் பிடித்திருந்த மரையைக் கழற்றினாள். மீட்டரின் பின்துளையில் ஒரு கொண்டை ஊசியை நுழைத்துச் சுண்டினாள். முள் துள்ளியது! "சாகல பாய், உசுரோட இருக்கு!" என்று கூவினாள். என்ஜினைப் போடச் சொன்னாள். கம்பியின் நுனி அசையவே இல்லை. என்ஜினை நிறுத்திவிட்டுக் கம்பியை முழுசாக உருவிப் பார்த்தாள், எங்கும் அறுந்திருக்கவில்லை.

"அப்ப கோளாறு அந்தப் பக்கந்தான். பானெட்டைத் தூக்குங்க."

தூக்கினார்கள். அடேயப்பா! உள்ளே மாவிலைத் தோரணம், எலுமிச்சம்பழம், மிளகாய். எல்லாம் வாழைநாரில் கோத்து, அந்தக் கறுப்புக் குழாயிலேயே இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சு இழுத்த இழுப்பில் குழாய் என்ஜினை விட்டு ஒரு விரற்கடை வெளியே வந்து தொங்கியது. எல்லோரும் பொன்னுத்தாயைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"வெளியில கட்டினா மலைக் காத்துல பறந்துடும்னு ராத்திரியே உள்ள கட்டினேன். திருஷ்டி படக்கூடாதுன்னுதான..."

"நல்லா கழிச்சீங்க திருஷ்டியை!" பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

என்ஜின் பக்கத்து மரை தேய்ந்திருந்தது, குழாயைச் சொருகினால் நிற்கவில்லை. இருசம்மாள் அத்தையின் வாழைநாரையே நூல்போலக் கிழித்து, மரையில் நெருக்கமாகச் சுற்றி, குழாயை வைத்து முறுக்கினாள். உருவிய கம்பியைத் திரும்ப உள்ளே விட்டு மீட்டரிலும் மாட்டினாள். என்ஜின் உறுமியது. முள் ஏறி நின்றது. அடைக்கலம் வயசையும் மறந்து ஒரு குதி குதித்தார்.

ஆனால் மணி எட்டாகிவிட்டது.

மலையேற்றத்தில் பாய்க்கு ரோட்டை விட்டுக் கண்ணெடுக்க முடியவில்லை. முள்ளைப் பார்க்கிற வேலை இருசம்மாளுக்கு. பெண் தலை குனிந்து உட்காரணும் என்று அத்தை சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று.

"பதினேழு பாய்! பதினெட்டு! பத்தொம்பது, விடுங்க விடுங்க!"

பாய்க்குக் கேட்கவில்லை. பின்னால் இருந்த பதினெட்டுப் பேரும் சேர்ந்து "பத்தொம்பது!" என்று கத்தினார்கள். பாய் காலைத் தளர்த்தினார். அடுத்த வளைவிலிருந்து அதுவே பாட்டாகிவிட்டது. யாருக்கும் தொண்டை மிச்சமில்லை, சிரிப்பும் நிற்கவில்லை.

மணவறையில் அவளை உட்கார்த்தும்போது கை முழுக்க எண்ணெய்க் கறுப்பு. மாமியார் காளியாயி பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள், நேரமில்லாததால் மூடிக்கொண்டாள். "நேரமாச்சு, கட்டு! கட்டு!" என்று நாலு பக்கமும் விரட்டினார்கள். பட்டாளத்துக்காரன் அவசர அவசரமாகத் தாலிக்கயிற்றை எடுத்தான்.

இருசம்மாள் தலையை நிமிர்த்தி அவனை நேராகப் பார்த்தாள்.

"மணி என்னங்க?"

அவன் திகைத்துப்போய்க் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "பதினொன்னு ஐம்பத்தி மூணு."

"இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. நிதானமா கட்டுங்க."

முதல் முடிச்சைப் போடும்போதே வீரமலை சிரித்துவிட்டான்.