எண்ணாமல் ஏழு நாள்

என் பல்செட்டைக் கையில் பிடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நிஜம். லேசான சத்தியம் என்று நினைக்க வேண்டாம். மேல்வரிசை, கீழ்வரிசை சேர்த்து முப்பத்தாறு கிராம்.

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் வேலையில் முப்பத்து நான்கு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். கை சும்மா இருக்குமா? வீட்டில் ஆரம்பித்தேன். பற்பசையை அளவுகோல் வைத்துப் பிதுக்கினேன். என் மனைவி தன் தங்கையோடு போனில் பேசி முடித்ததும், "நாப்பத்தொரு நிமிஷம். அதுல என்னைப் பத்தின குறை பதினேழு" என்று ஒரு தகவலுக்காகத்தான் சொன்னேன். பதினெட்டாவதைச் சொல்லாமல் அவள் பெட்டியைக் கட்டினாள்.

"ஏழு நாள் எதையும் எண்ணாம, அளக்காம இருந்து காட்டுங்க. எட்டாம் நாள் வரேன். இல்லேன்னா எனக்குத் தங்கச்சி வீடே போதும்."

"ஏழு நாள் ஆச்சுன்னு எண்ணாம எப்படித் தெரியும்?"

"அது உங்க பாடு."

அவள் இல்லாத வீட்டில் சண்டை போடக்கூட நாதியில்லை. சரி, ஒரு கை பார்த்துவிடுவோம் என்று கடிகாரத்துக்குத் தலையணை உறை மாட்டி அலமாரியில் படுக்கவைத்தேன். நாட்காட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். குவளையை எண்ணாமல் குளித்தேன். குழாய் இருமியபோது கட்டடத்தின் தொட்டியே காலி. கீழ்வீட்டுக்காரர் தலை நிறைய நுரையோடு வந்து என் வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனார்.

படிதான் மோசம். எங்கள் வீடு மூன்றாம் மாடி, ஐம்பத்து நான்கு படி. எண்ணாமல் ஏறியதில், நான்கு மாடிக் கட்டடத்தில் ஆறாம் மாடிக்குப் போய்விட்டேன். அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மாள் தண்ணீர் கொடுத்து, இறங்கும்போதாவது எண்ணிக்கொண்டு போகச் சொன்னார். நான் எண்ணவில்லை. அதனால் வீடு சேரச் சாயங்காலமாயிற்று.

தாடி வளர்ந்தது. நாளைத்தானே எண்ணக் கூடாது, தாடியைக் கேட்கலாமே என்று தெருமுனை முடிவெட்டும் கடைக்குப் போய், இது எத்தனை நாள் தாடி என்று நைசாக விசாரித்தேன். கடைக்காரர் கத்தரியை நிறுத்தினார்.

"சார், அக்கா போன் பண்ணினாங்க. நீங்க இப்படி வந்து கேப்பீங்கன்னாங்க. கேட்டாலும் சொல்லாதேன்னாங்க."

வாயை மூடிக்கொண்டு மழித்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு கணக்கே விட்டுப்போயிற்று. பசித்தபோது சாப்பிட்டேன், தூக்கம் தீர்ந்தபோது எழுந்தேன். நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல ஆளில்லை என்பதைத் தவிர.

ஒரு காலை அழைப்பு மணி அடித்தது. எத்தனை முறை என்று தெரியாது. வாசலில் அவள், கையில் பெட்டி.

"எத்தனை நாளாச்சு?"

கண்ணி என்று புரிந்தது. "தெரியலடி. நீ போனதுலேர்ந்து ஒரே நாள்தான். இன்னும் விடியல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியை என் கால்மேல் வைத்தாள். எத்தனை கிலோ என்று நான் கேட்கவில்லை. உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

பல்செட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறேன்: அவள் இன்னும் தங்கை வீட்டில்தான் இருக்கிறாள். இன்றோடு நூற்றுப் பதினாறு நாள்.